ஞாயிறுதோறும் அணைந்த வேலி

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. புண் மருந்தின் வாசனை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தையல் போட்ட பிறகு மிருக டாக்டர் பீய்ச்சி அடித்த ஊதா மருந்து நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "என்ன இது, வீட்டுக்குள்ள ஆஸ்பத்திரி வாசம்?" என்றார். காப்பாருக்குப் போயிருந்தேன் என்று மட்டும் சொன்னேன். நீ போனதிலிருந்து காப்பார் என்ற பெயர் வந்தாலே இந்த வீட்டில் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்று முல்லையின் நெஞ்சு கிழிந்துபோனது. உன் வெள்ளைக் குதிரை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனை மாப்பிள்ளைகளை மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்கியவள். உறுமி மேளம் காதருகே அடித்தாலும் கண் சிமிட்டாமல் நிற்பவள், இன்று காலையில் எதற்கோ மிரண்டு வேலியில் பாய்ந்திருக்கிறாள். வேலி என்றால் நான் போட்ட வேலி இல்லை. உன் அண்ணன் கட்டிய முள்கம்பி. குதிரைக்குத் தோல் எவ்வளவு மெல்லிசு என்று உனக்குத் தெரியும். மாட்டைப் போல் நின்று யோசிக்காது. மாட்டிக்கொண்டால் இழுக்கும். இழுக்க இழுக்க முள் உள்ளே போகும். இருபத்திரண்டு தையல். நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று உன் அம்மா சொல்வார். அவர் காதில் விழாமல் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் முகத்துக்கு நேராகக் கத்தியிருப்பேன், நீயும் திருப்பிக் கத்தியிருப்பாய், பிறகு இருவரும் போய் ரொட்டிச் சானாய் சாப்பிட்டிருப்போம். இப்போது இந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

கல்லூரிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் இருந்தோம். நான் மின்சாரப் படிப்பை முடித்தேன், நீ இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டுக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் வீட்டில் நடந்த ரகளை எனக்கு நினைவிருக்கிறது. "பொம்பளப் புள்ள சாணி அள்ளவா படிக்க வச்சோம்?" என்று ஆன்டி, உன் அம்மா, அழுதார். நீ என்னிடம் வந்து, "குதிரைச் சாணி நாறாதுடி, புல்லு வாசம்தான்" என்றாய். அதுதான் உன் கவலையாக இருந்தது.

பிறகு காப்பாரில், உன் அப்பா விட்டுப்போன செம்பனை நிலத்தில், மரங்களை வெட்டி மூன்று ஏக்கரைத் திடலாக்கினாய். பந்தயத்தில் ஓடி முடித்து யாரும் வேண்டாம் என்று விட்ட பழுப்புக் குதிரை ஒன்று, கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரை ஒன்று. பழுப்புக்குப் பெயர் பாஸ். சாப்பாட்டுக் கடையில் யாரைப் பார்த்தாலும் "பாஸ்" என்று கூப்பிடுகிற ஊரில் இப்படி ஒரு பெயர் வைக்கலாமா? தீனி கொண்டுவந்த லோரிக்காரரிடம் நீ, "பாஸுக்கு வயிறு சரியில்ல, நேத்துலேர்ந்து சாணி போடல" என்று சொல்லப்போய், அவர் யார் வீட்டுப் பெரியவருக்கோ என்று பதறிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாஸுக்கு வேலி என்றால் விளையாட்டு. மரக்கட்டை வேலி போட்டாய், கடித்துத் தின்றான். சும்மா கம்பி கட்டினாய், நெஞ்சைச் சாய்த்துத் தூணையே பிடுங்கினான். பக்கத்துக்காரரின் இளம் செம்பனைக் கன்றுகளை மேய்ந்துவிட்டு வந்தான். அப்போதுதான் எனக்குப் போன் அடித்தாய்.

"ஏய் இன்ஜினியரு, கரண்டு வேலி போடத் தெரியுமா?"

"தெரியும். ஆனா அது பன்னிக்குப் போடுறது இல்லையா?"

"பன்னிக்குப் போடுறது வேற லா. அது ஆள சாகடிக்கும். நான் கேக்கறது நல்ல வேலி."

அந்தப் பக்கத்தில் கரண்டு வேலி என்றாலே ஜனங்களுக்கு ஈரல் நடுங்கும். காட்டுப்பன்றி வராமல் இருக்க வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றிவிடுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். அதை மிதித்துச் செத்த மனிதர்களின் கதை ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்று உண்டு. குதிரை வேலி அப்படி இல்லை. நடுவில் ஒரு பெட்டி உண்டு. அது மின்சாரத்தை நறுக்கி, வினாடிக்கு ஒரு தட்டு, அதுவும் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாக, கம்பியில் அனுப்பும். வலிக்கும், திடுக்கிட வைக்கும், உயிரை எடுக்காது. தொட்டவன் கையை எடுத்துக்கொள்ள நேரம் கொடுக்கும். குதிரை ஒரு தடவை மூக்கால் தொட்டுவிட்டால் போதும், பிறகு வேலியே அதன் மனதுக்குள் போய்விடும். வெறும் வெள்ளைப் பட்டை நாடா, அதற்குள் மெல்லிய கம்பி இழை. மிரண்டு பாய்ந்தாலும் நாடா அறுந்துவிடும், குதிரையின் தோல் அறுபடாது.

இதையெல்லாம் நான் படித்தவள். நான் போட்டேன். மூன்று எர்த் கம்பிகளை ஈரமான பள்ளத்தில் நீயும் நானும் மாறி மாறிச் சுத்தியலால் அடித்து இறக்கினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சாயங்காலம் பெட்டியைப் போட்டதும் டிக், டிக் என்று சத்தம் வந்தது. பாஸ் காதை நிமிர்த்திக்கொண்டு வந்தான். மூக்கை நீட்டினான். அப்படியே நாலு காலையும் தூக்கிக் குதித்து, திடலின் மறுகோடிக்கு ஓடி, அங்கிருந்து திரும்பி நம்மை ஒரு பார்வை பார்த்தான்.

"உன்னைத்தான்டி பாக்கறான். மூஞ்சிய ஞாபகம் வச்சிக்கிட்டான்" என்று நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

அதன்பின் அவன் ஒரு நாளும் அந்த நாடாவைத் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து நின்று காது கொடுப்பான். சத்தம் இருக்கிறதா என்று கேட்பான். "ரோந்து போறான்" என்பாய். நீயும் காலையில் ரோந்து போவாய். லாலான் புல் ஒன்றைப் பிடுங்கி, நுனியை நாடாவில் வைத்து, விரலில் குறுகுறுப்பு வருகிறதா என்று பார்ப்பாய். "வருது, வருது" என்று எனக்குக் குரல் பதிவு அனுப்புவாய். அதற்கென்று ஒரு சோதனைக் கருவி வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூட நீ பிரிக்கவில்லை.

உன்னிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. யார் வந்து கேட்டாலும் அணைத்துவிடுவாய்.

கோயில் திருவிழாவுக்கு முல்லையை அழைத்துப்போக வந்தவர், "முனியாண்டிக்கு முன்னாடி போற குதிரைக்கு ஷாக் குடுக்கறியாம்மா? பாவம் இல்லையா?" என்றார். நீ, "சரி அண்ணே, திருவிழா முடியிற வரைக்கும் ஆஃப்" என்றாய். திருவிழா முடியும் வரை ராத்திரி பகலாக நீயே திடலில் காவல் இருந்தாய். கல்யாண வீடியோ எடுக்க வந்தவன் காமிராவுக்குள் டிக் டிக் சத்தம் வருகிறது என்றான், அணைத்தாய். ஆன்டி துணி காயப்போட வரும்போதெல்லாம் அணைத்தாய். நான் உன்னைத் திட்டினேன். "வேலி என்ன ஃபேனா, போட்டுப் போட்டு அணைக்கிறதுக்கு?" என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, அதே வார்த்தைகள்.

பிறகு நானே கேட்டேன்.

என் மகள் யாழினி நடக்க ஆரம்பித்தபின் நான் வேறு ஆளாகிவிட்டேன். நீ அதைப் பார்த்தாய், கேலியும் செய்தாய். வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குக்கும் மூடி வாங்கி அடைத்தேன். திராட்சைப் பழத்தை நாலாக வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை குதிரை பார்க்க அவளைக் காப்பாருக்குக் கூட்டிவரும்போது, அந்த வெள்ளை நாடாவைப் பார்த்தாலே அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். நானே போட்ட வேலி. அதன் அளவு, அதன் வேகம், அது ஏன் ஆளைக் கொல்லாது என்பதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, பன்றி வேலியில் செத்தவர்களின் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஆஃப் பண்ணிடேன்டி. இவ ஓடிப்போய் தொட்டுட்டா?"

"தொட்டா அழுவா. அப்புறம் தொட மாட்டா. உன் வீட்டு இஸ்திரிப் பெட்டி இதைவிட மோசம்."

"நீ பெத்துப் பாரு, அப்பத் தெரியும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை முறிந்திருந்தது. நீ நேரே கொட்டகைக்குள் போனாய். டிக் டிக் நின்றது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் என் காடி கேட்டுக்குள் திரும்பும்போதே அணைத்துவிடுவாய். நான் கேட்கக்கூட வேண்டியதில்லை. போனபின் போடுவாய். ஏனடி அணைக்கமுடியாது என்று சொல்லவில்லை? சரியான பக்கம் நீ நின்றாயே, ஏன் விட்டுக்கொடுத்தாய்? ஒரு வார்த்தை என்னைக் காயப்படுத்தியிருந்தால் இரண்டு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் வந்திருப்பேன். எனக்குத் தெரியும், நான் வந்திருப்பேன்.

அந்த ஞாயிறு யாழினி கீழே விழுந்தாள். வேலியிலிருந்து பத்தடி தள்ளி, செங்கல் தடுக்கி. முழங்காலில் சிராய்ப்பு. நான் போட்ட கூச்சலில் முல்லையே மிரண்டாள். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய், நான் கிளினிக், கிளினிக் என்று கத்தினேன். கிள்ளான் வரை நீ பின்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஒரு பிளாஸ்திரி. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. உன்னை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளேகூட வராமல், யாழினி தூங்கிவிட்டாள் என்று சொல்லிக் கிளம்பினேன். நீ கதவைச் சாத்தியபடி, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு" என்றாய். அதுதான் நீ என்னிடம் நேரில் கடைசியாகப் பேசியது.

திங்கள்கிழமை முழுக்க மழை. குதிரைகள் கொட்டகைக்குள்ளேயே நின்றன. செவ்வாய் விடியுமுன் வழக்கம்போல் திடலில் அவிழ்த்துவிட்டிருக்கிறாய். ஒரு புல்லைப் பிடுங்கி வைத்துப் பார்க்கக் கூடாதா? தினமும் பார்ப்பாயே, அன்றைக்கு என்ன வந்தது? இதைக் கேட்காத நாளில்லை. நீ பார்க்கவில்லை, பாஸ் பார்த்தான். சத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டான். நாடாவை நெஞ்சால் தள்ளிக்கொண்டு பெரிய சாலைக்குப் போய்விட்டான். நீ ஒரு வாளியில் தீனியைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறாய். துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் நேரம். லோரிக்காரர் குதிரையைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்பினார். திருப்பிய பக்கம் நீ இருந்தாய். குதிரைக்கு ஒரு கீறல் இல்லை.

நான் வந்தபோது உன் வீட்டார் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பாஸை யாரோ பிடித்து வந்து செம்பனை மரத்தில் கட்டியிருந்தார்கள். குதிரைகளுக்குத் தண்ணீராவது வைப்போம் என்று கொட்டகைக்குள் போனேன். அமைதியாக இருந்தது. அந்த அமைதி என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுவிட்சைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அணைத்தபடியே இருந்தது.

நான் அதைப் போட்டேன்.

டிக், டிக் என்றது. அறுந்த நாடாவை முடிச்சுப் போட்டேன். முல்லை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, என்று எட்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மறுநாள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து உன் அண்ணன் திடலுக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அந்தத் தடித்த கையை நீட்டி நாடாவைப் பிடித்தார். தூக்கிப் போட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, "நல்லாத்தானே வேலை செய்யுது? அப்புறம் எப்படி வெளிய போச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டேன். அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கரண்டு வேலியைக் குதிரை மதிக்கவில்லை, அதை நம்பி நீ ஏமாந்தாய். பதினாறாம் நாள் முடிந்ததும் நாடாவைச் சுருட்டி எறிந்துவிட்டு முள்கம்பி கட்டினார். சுற்றிலும் நாலு வரிசை. ஒழுங்காக, இழுத்து. உன் அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

குதிரைக்கு முள்கம்பி ஆகாது என்று நான் மெதுவாக இரண்டு தடவை சொன்னேன். காரணம் கேட்டால் உண்மைக்குப் போக வேண்டியிருக்குமே, அதனால் அதற்குமேல் சொல்லவில்லை. ஆன்டி போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்று டாக்டர், "பெகாங் குவாட்" என்று மலாயில் சொல்லச் சொல்ல, முல்லையின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசித் தையல் போட்டு அந்தம்மா காடிக்குப் போனதும் உன் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, இந்த முள்கம்பிய எடுத்துடுங்க."

"எடுத்துட்டு? உன் நாடாவ கட்டவா? அத நம்பித்தானே என் தங்கச்சி போனா."

"அது சரியான வேலி அண்ணே."

"நான்தான் தொட்டுப் பாத்தேனே. கரண்டு ஓடிச்சி, குதிரை மதிக்கல. முள்ளுக்குத்தான் மதிக்கும்."

"மதிச்ச லட்சணமா இது?" ரத்தம் தோய்ந்த துணியை அவர் முன்னால் போட்டேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், யார்மேல் என்றே தெரியவில்லை. "அன்னிக்கு கரண்டு ஓடல அண்ணே. ஆஃப்ல இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். நீங்கள்லாம் ஆஸ்பத்திரியில இருந்தப்ப. நான்தான் திரும்பப் போட்டேன்."

அவர் கையில் மருந்துத் தண்ணீர் வாளி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆஃப் பண்ணது யாரு?"

"அவதான். நான் கேட்டேன்னு. யாழினிக்காக. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்படியே கிடந்துச்சு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாஸ் நின்ற பக்கம் பார்த்தார்.

"அத நான் அடிச்சேன். தெரியுமா உனக்கு? பைப்பு ட்யூப்பால அடிச்சேன். என் தங்கச்சிய கொன்ன சனியன்னு தினமும் அடிச்சேன். அது ஓடாம நின்னுச்சு." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "எட்டு மாசம். எங்கம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லல நீ."

"பயமா இருந்துச்சு அண்ணே."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம். போ. இனி என் மூஞ்சியில முழிக்காத."

போனேன். காடிக் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சனிக்கிழமை காலையில வா. வேலிய போட்டுக் குடுத்துட்டு அப்புறம் எங்கயாச்சும் போ. அந்தப் பெட்டி எழவு எனக்கு ஒண்ணும் புரியாது."

திரும்பிப் பார்த்தேன். கம்பி வெட்டுகிற குறடை எடுத்துக்கொண்டு முதல் தூணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஆன்டியிடம் யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை நான்தான் சொல்லவேண்டும். ஆன்டி என்னை அடித்தாலும் நின்றுகொண்டிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என்ன செய்வேனோ.

உன்மேல் உள்ள கோபம் இதை எழுதியதால் குறையவில்லை. என் பயத்துக்கு நீ மரியாதை கொடுத்தாய். யாருமே கொடுக்காத மரியாதை அது. கணவர் சிரிப்பார், அம்மா திட்டுவார், நீ மட்டும் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தாய். அதை அன்பு என்றுதான் சொல்லவேண்டும், வேறு பெயர் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருவர் எனக்கு எதிராக நிற்கவேண்டியிருந்தது.

இன்று ராத்திரி படுக்கப் போகும்போது யாழினியிடம், உன்னை அவள் கூப்பிடும் பெயரிலேயே, சனிக்கிழமை குதிரை ஆன்டி இடத்துக்குப் போகிறோம், மறுபடியும் வெள்ளை வேலி கட்டப் போகிறோம் என்றேன். தலையணையில் புரண்டு படுத்துக் கேட்டாள்.

"அது ஷாக் அடிக்குமா?"

தொண்டை வரை வந்துவிட்டது, இல்லைம்மா, நீ வரும்போது ஆஃப் பண்ணிவிடுவோம் என்று. விழுங்கினேன்.

"அடிக்கும். வலிக்கும். தொடாதே."

"சரி" என்றாள். அவ்வளவுதான். கரடி பொம்மையை இழுத்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

போன வருஷம் சொல்லியிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். நீயும் சொல்லிப் பார்க்கவில்லை. நானும் சொல்லிப் பார்க்கவில்லை.